ஸ்கிரீன்சேவர் வருகிறது, புரோகிராம் ஓடவில்லை: அறிகுறி பார்த்துப் பிழை நீக்குவது

கணினியை விட்டு எழுந்து போனால் சற்று நேரத்தில் ஸ்கிரீன்சேவர் வரும். அந்த நேரம் பார்த்து பேக்கப் ஓடட்டும், பாட்டு நிற்கட்டும், வீடியோ மாற்றும் கனமான வேலை தொடங்கட்டும் என்று நினைப்பது நியாயமான ஆசை. ஆனால் ஸ்கிரீன்சேவர் அமைப்புப் பெட்டியில் ‘இது தொடங்கும்போது இதை ஓட்டு’ என்று எழுத விண்டோஸில் ஒரு கட்டம் கிடையாது. மேக்கிலும் கிடையாது. நாமேதான் சங்கிலி கோர்க்க வேண்டியிருக்கிறது.

அந்தச் சங்கிலியில் நான்கு கண்ணிகள். ஸ்கிரீன்சேவர் உண்மையிலேயே தொடங்க வேண்டும். தொடங்கியதை இயங்குதளம் எங்காவது பதிய வேண்டும், அல்லது அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பைக் கேட்க ஏதாவது ஒன்று காத்திருக்க வேண்டும். அது கிளப்பும் புரோகிராம் சரியான இடத்தில், சரியான உரிமையோடு எழ வேண்டும். இதில் எது அறுந்தாலும் வெளியே தெரிவது ஒன்றே: எதுவும் நடக்கவில்லை. அதனால்தான் பலர் ஒழுங்காக இருக்கும் டாஸ்க்கை (விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் எழுதிவைக்கும் தானியங்கி வேலையை) அழித்து அழித்துப் புதிதாக எழுதுகிறார்கள், அறுந்தது வேறிடம். எங்கே அறுந்தது என்று தெரியாமல் எதிலும் கை வைக்காதீர்கள்.

முதலில் ஒரு சோதனைக் கோப்பு

உங்கள் உண்மையான புரோகிராமைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். அதன் இடத்தில் ஒரே ஒரு வேலை செய்யும் சிறு ஸ்கிரிப்ட் போதும்: இப்போதைய தேதி, நேரம் இரண்டையும் ஒரு உரைக் கோப்பின் கடைசியில் ஒரு வரியாகச் சேர்ப்பது. விண்டோஸில் எக்கோ கட்டளையும், லினக்ஸிலும் மேக்கிலும் டேட் கட்டளையும் இதற்குப் போதுமானவை. இரட்டை ‘>>’ குறி போடுங்கள். ஒற்றைக் குறி போட்டால் பழைய வரிகள் அழிந்துவிடும். கோப்பின் பெயரை மட்டும் எழுதாமல் டிரைவிலிருந்து தொடங்கும் முழுப் பாதையையும் எழுதுங்கள். உங்கள் கணக்கு தயக்கமின்றி எழுதக்கூடிய ஃபோல்டராக அது இருக்கட்டும்.

பிறகு ஸ்கிரீன்சேவர் காத்திருக்கும் நேரத்தை 1 நிமிடமாகக் குறைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். அமைப்புப் பெட்டியில் இருக்கும் ‘பிரிவ்யூ’ பொத்தானை அழுத்திச் சோதிக்க வேண்டாம். அது ஸ்கிரீன்சேவரைக் காட்டும். ஆனால் நேரம் கடந்து தானாகத் தொடங்கும் பாதையை அது சோதிப்பதில்லை. பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு ‘டாஸ்க் வேலை செய்யவில்லை’ என்று முடிவுகட்டுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

ஒரு நிமிடம் கழித்துக் கோப்பில் வரி விழுந்திருந்தால் சங்கிலி முழுதாக இருக்கிறது, குறை உங்கள் புரோகிராமில். விழாவிட்டால் கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையதைப் பாருங்கள்.

அறிகுறி: ஸ்கிரீன்சேவரே வருவதில்லை

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் நிறுவியவுடன் ஸ்கிரீன்சேவர் ‘நன்’ என்ற நிலையில்தான் இருக்கும். திரை இருண்டுபோவதைப் பார்த்து அதையே ஸ்கிரீன்சேவர் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது மின்சேமிப்பு அமைப்பு திரையை அணைப்பது, வேறு விவகாரம். ‘சேஞ்ச் ஸ்கிரீன் சேவர்’ என்று தேடிப் பெட்டியைத் திறந்து ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். படம் எதுவும் வேண்டாம் என்றால் ‘பிளாங்க்’ எடுங்கள். கறுப்புத் திரைதான், ஆனால் இயங்குதளத்தின் கணக்கில் அதுவும் முழுமையான ஸ்கிரீன்சேவர். நம் வேலைக்கு அதைவிட நல்லது இல்லை, ஏனென்றால் அது கிராஃபிக்ஸ் சக்தியைத் தின்பதில்லை.

அடுத்துப் பார்க்க வேண்டியது நேர வரிசை. கணினி 5 நிமிடத்தில் உறக்கத்துக்குப் போகும்படி வைத்துவிட்டு ஸ்கிரீன்சேவருக்கு 10 நிமிடம் கொடுத்தால் அது வரவே வராது. ஸ்கிரீன்சேவர் முதலில், திரை அணைவது அதன்பின், உறக்கம் கடைசியில் என்று இருக்க வேண்டும். லேப்டாப்பில் பேட்டரிக்கும் மின்இணைப்புக்கும் தனித்தனி எண்கள் இருப்பதால் இரண்டையும் பாருங்கள்.

வரிசை சரியாக இருந்தும் வராவிட்டால், நீங்கள் உட்கார்ந்திருப்பதாகக் கணினியை யாரோ நம்பவைக்கிறார்கள். பளபளப்பான மேசைமேல் இருக்கும் ஆப்டிகல் மவுஸ் தொடாமலே துளித்துளியாக நகரும். மவுஸைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். ஸ்கிரீன்சேவர் வந்துவிட்டால் விடை கிடைத்தது. கேம் கன்ட்ரோலர் இருந்தால் அதையும் கழற்றிச் சோதியுங்கள். வீடியோ பிளேயர், கூட்ட அழைப்பு, பிரசன்டேஷன் போன்றவை திரையை அணையவிடாமல் பிடித்துவைத்திருக்கலாம். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டை நிர்வாகி உரிமையோடு திறந்து ‘பவர்சிஎஃப்ஜி’ கட்டளையை ‘/ரிக்வெஸ்ட்ஸ்’ என்ற இணைப்போடு கொடுத்தால், திரையைப் பிடித்துவைத்திருப்பவரின் பெயர் ‘டிஸ்ப்ளே’ என்ற தலைப்பின் கீழ் வரும். மேக்கில் அதே வேலையை ‘பிஎம்செட் -ஜி அசெர்ஷன்ஸ்’ செய்யும்.

அலுவலகக் கணினியில் அமைப்புப் பெட்டியே சாம்பல் நிறத்தில் உறைந்திருந்தால் குரூப் பாலிசி, அதாவது நிர்வாகி எல்லாக் கணினிகளுக்கும் விதிக்கும் அமைப்பு, பூட்டியிருக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) உங்கள் கணக்கின் ‘கன்ட்ரோல் பேனல்’, அதனுள் ‘டெஸ்க்டாப்’ பகுதியில் நீங்கள் என்ன மாற்றினாலும், ‘பாலிசிஸ்’ கிளையில் இருக்கும் மதிப்புதான் வெல்லும். நிர்வாகியிடம் கேட்பதைத் தவிர அதற்குக் குறுக்குவழி தேட வேண்டாம்.

அறிகுறி: ஸ்கிரீன்சேவர் வருகிறது, ஈவென்ட் வியூவரில் அதற்கான பதிவு இல்லை

விண்டோஸில் எனக்குப் பிடித்த வழி செக்யூரிட்டி லாக் வழி. அது விண்டோஸ் பாதுகாப்பு நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் பதிவேடு; ஈவென்ட் வியூவர் என்ற கருவியில் அதைப் பார்க்கலாம். ஸ்கிரீன்சேவர் தொடங்கினால் 4802, முடிந்தால் 4803 என்ற எண்களில் பதிவு விழும். கூடுதலாக எதையும் நிறுவ வேண்டாம், பின்னணியில் எதுவும் ஓடிக்கொண்டிருக்க வேண்டாம். ஆனால் இந்தப் பதிவு இயல்பில் அணைத்துவைக்கப்பட்டிருக்கும். இணையத்தில் பலரும் ‘4802க்கு டாஸ்க் போடு’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த எண் லாகில் விழச் செய்யும் முதல் படியைச் சொல்வதில்லை.

புரோ பதிப்பில் ‘லோக்கல் செக்யூரிட்டி பாலிசி’யைத் திறந்து, ‘அட்வான்ஸ்ட் ஆடிட் பாலிசி கான்ஃபிகரேஷன்’ உள்ளே ‘லாகான்/லாகாஃப்’ பிரிவுக்குப் போங்கள். அங்கே ‘ஆடிட் அதர் லாகான்/லாகாஃப் ஈவென்ட்ஸ்’ என்று ஒன்று இருக்கும். அதில் ‘சக்சஸ்’ கட்டத்தை டிக் செய்யுங்கள். பெயரில் ‘அதர்’ இருப்பதைக் கவனியுங்கள். பக்கத்திலேயே வெறும் ‘ஆடிட் லாகான்’ இருக்கிறது. அதை டிக் செய்தால் வேறு பதிவுகள் கொட்டும், 4802 மட்டும் வராது. ஹோம் பதிப்பில் இந்தப் பெட்டி இல்லை. அங்கே நிர்வாகி உரிமையுள்ள கமாண்ட் பிராம்ப்டில் ‘ஆடிட்பால்’ கட்டளைக்கு ‘/செட்’ கொடுத்து, ‘/சப்கேட்டகரி’யில் இதே பெயரைப் போட்டு, ‘/சக்சஸ்’ என்பதை ‘எனேபிள்’ ஆக்க வேண்டும். விண்டோஸ் ஆங்கிலமல்லாத மொழியில் இருந்தால் உட்பிரிவின் பெயரும் அந்த மொழியில்தான் இருக்கும். ‘ஆடிட்பால் /லிஸ்ட்’ வகையில் பட்டியலை வாங்கி அதில் உள்ளபடியே எழுதுங்கள்.

இப்படிச் செய்தும் சிலருக்குச் சற்று நேரம் வேலை செய்துவிட்டு நின்றுவிடும். டொமைனில் (அலுவலகத்தின் மைய நிர்வாக வலையில்) இணைந்த கணினி என்றால் இது புதிரல்ல. குரூப் பாலிசி இயல்பாக 90 நிமிடத்துக்கு ஒருமுறை, அதோடு 30 நிமிடம் வரை கூடுதல் தாமதத்தோடு புதுப்பிக்கப்படும். அப்போது உங்கள் தணிக்கை (ஆடிட்) அமைப்பை மேலிடத்து அமைப்பு அழித்துவிடலாம். பழைய ஒன்பது வகைத் தணிக்கை அமைப்பும் புதிய உட்பிரிவு அமைப்பும் மோதிக்கொள்வதும் உண்டு. ஒரே கணினியில் இரண்டையும் கலக்காமல் புதியதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: 4802 விழுகிறது, டாஸ்க் கிளம்பவில்லை

டாஸ்க் ஷெட்யூலரில் வலப்பக்கம் ‘எனேபிள் ஆல் டாஸ்க்ஸ் ஹிஸ்டரி’ என்று ஒரு வரி இருக்கும். அதை முதலில் அழுத்துங்கள். வரலாறு அணைந்திருக்கும்போது பிழை தேடுவது வீண் உழைப்பு.

டிரிக்கரில் (டாஸ்க்கைக் கிளப்பும் நிகழ்வு) ‘ஆன் அன் ஈவென்ட்’, லாக் ‘செக்யூரிட்டி’, சோர்ஸ் ‘மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் செக்யூரிட்டி ஆடிட்டிங்’, எண் 4802 என்று இருக்க வேண்டும். கையால் நிரப்புவதைவிட, ஈவென்ட் வியூவரில் விழுந்த 4802 பதிவின் மேலேயே வலது கிளிக் செய்து ‘அட்டாச் டாஸ்க் டு திஸ் ஈவென்ட்’ கொடுப்பது பத்திரம்; எழுத்துப் பிழைக்கே இடமில்லை. செக்யூரிட்டி லாகைப் படிக்க நிர்வாகி உரிமை தேவை என்பதால் டாஸ்க்கையும் நிர்வாகியாக இருந்துதான் உருவாக்க வேண்டும்.

எல்லாம் சரி, ஆனாலும் கிளம்பவில்லையா? ‘கண்டிஷன்ஸ்’ பக்கத்துக்குப் போங்கள். லேப்டாப் வைத்திருப்பவர்களின் பிரச்சினையில் பெரும்பகுதி இந்த ஒரு பக்கத்தில் இருக்கிறது. மின்இணைப்பில் இருந்தால் மட்டுமே தொடங்கு என்ற கட்டம் டாஸ்க் உருவாகும்போதே டிக் செய்யப்பட்டிருக்கும். அதன் கீழே, பேட்டரிக்கு மாறினால் நிறுத்து என்ற கட்டமும் அப்படியே. மேசையில் சார்ஜரோடு சோதிக்கும்போது அழகாக ஓடும். சார்ஜரைக் கழற்றிய நாளில் மௌனம். டாஸ்க்கும் பிழை எதுவும் காட்டாது, வரலாற்றுப் பக்கத்தில்தான் ‘நிபந்தனை பொருந்தவில்லை’ என்கிற பொருளில் ஒரு வரி இருக்கும். இரண்டு டிக்கையும் எடுத்துவிடுங்கள், அல்லது பேக்கப் போன்ற கனமான வேலை என்றால் தெரிந்தே விட்டுவையுங்கள்.

அதே பக்கத்தில் மேலே, கணினி சும்மா இருந்தால் மட்டும் தொடங்கு என்ற கட்டமும் இருக்கிறது. ஸ்கிரீன்சேவர் வந்ததே சும்மா இருப்பதால்தானே என்று அதையும் டிக் செய்துவிட வேண்டாம். ஏன் என்பது இரண்டு அறிகுறி தள்ளி வருகிறது.

ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தினால் நேர்மாறான தொல்லை ஒன்று உண்டு: வேறொருவரின் ஸ்கிரீன்சேவருக்கு உங்கள் டாஸ்க் கிளம்பும். 4802 பதிவுக்குள் கணக்கின் பெயரும் செஷன் (லாகான் அமர்வு) எண்ணும் இருக்கின்றன. டிரிக்கரில் ‘கஸ்டம்’ தேர்ந்தெடுத்து எக்ஸ்எம்எல் வடிகட்டியில் உங்கள் கணக்கின் பெயரைச் சேர்த்தால் தீர்ந்தது.

அறிகுறி: டாஸ்க் ஓடியதாகச் சொல்கிறது, கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை

‘லாஸ்ட் ரன் ரிசல்ட்’ கட்டத்தைப் படியுங்கள். 0எக்ஸ்0 என்றால் புரோகிராம் ஓடி, குறை சொல்லாமல் முடிந்தது. 0எக்ஸ்2 என்றால் கோப்பு அந்தப் பாதையில் இல்லை. 0எக்ஸ்41301 என்றால் இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது. இயல்பான அமைப்பில் முந்தையது முடியாமல் அடுத்தது கிளம்பாது என்பதால், ஒருமுறை தொங்கிப்போன புரோகிராம் அடுத்தடுத்த வாய்ப்புகளையும் அடைத்துவிடும். 0எக்ஸ்8007010பி என்றால் ‘ஸ்டார்ட் இன்’ கட்டத்தில் எழுதிய ஃபோல்டர் செல்லாது. ஃபோல்டர் கண்முன்னே இருக்கிறதே என்று திகைக்க வேண்டாம்: பெயரில் இடைவெளி இருக்கிறதென்று இரட்டை மேற்கோள் போட்டிருப்பீர்கள். புரோகிராம் பாதைக்கு மேற்கோள் போடலாம்; ‘ஸ்டார்ட் இன்’ கட்டத்தில் போடக் கூடாது.

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் புரோகிராம் விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டரில் நின்றுகொண்டு தொடங்கும். தன் பக்கத்திலேயே அமைப்புக் கோப்பு இருக்கும் என்று நம்பி எழுதப்பட்ட ஸ்கிரிப்ட்கள் இங்கேதான் விழுகின்றன. நெட்வொர்க் டிரைவுக்கு எழுத்து ஒதுக்கி வைத்திருந்தால் அந்த எழுத்தும் டாஸ்க்குக்குத் தெரியாமல் போகலாம். டிரைவ் எழுத்து ஒவ்வொரு லாகானுக்கும் தனித்தனி. இரட்டைச் சாய்கோட்டில் தொடங்கும் முழு நெட்வொர்க் பாதையை எழுதுங்கள்.

முடிவு 0எக்ஸ்0, கோப்பும் எழுதப்படுகிறது, ஜன்னல் மட்டும் தெரியவில்லை என்றால், டாஸ்க்கின் முதல் பக்கத்தில் ‘பயனர் லாகான் செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டு’ என்று வைத்திருக்கிறீர்கள். அப்படி ஓடுவது 0ஆம் செஷனில். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து அந்த செஷன் பயனரின் திரையிலிருந்து முழுக்கப் பிரிக்கப்பட்டுவிட்டது. அங்கே திறக்கும் ஜன்னலை யாராலும் பார்க்க முடியாது. ‘லாகான் செய்திருக்கும்போது மட்டும்’ என்று மாற்றினால் ஜன்னல் உங்கள் திரைக்கு வரும்.

கடவுச்சொல்லோடு கூடிய ஸ்கிரீன்சேவருக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. அது உங்கள் ஜன்னல்கள் இருக்கும் அதே டெஸ்க்டாப்பில் ஓடுவதில்லை. பாதுகாப்புக்காக வேறொரு டெஸ்க்டாப்பில் ஓடுகிறது. டாஸ்க் கிளப்பிய புரோகிராம் உங்கள் வழக்கமான டெஸ்க்டாப்பில் அமைதியாகத் திறந்திருக்கும். பூட்டைத் திறந்தபின் அதைப் பார்ப்பீர்கள். கோப்பு நகலெடுப்பது போன்ற வேலைக்கு இதனால் பாதகமில்லை. திரையைப் படமெடுப்பது, விசை அழுத்தங்களை அனுப்புவது போன்ற புரோகிராம்கள் மட்டும் இந்த நிலையில் தோற்கும். அவற்றை ஸ்கிரீன்சேவரோடு கட்டுவது தவறான இணைப்பு.

அறிகுறி: புரோகிராம் கிளம்பியதும் ஸ்கிரீன்சேவர் மறைந்துவிடுகிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடி முதலிலிருந்து

இது மிக எரிச்சலூட்டுவது, ஆனால் காரணம் தெளிவானது. விண்டோஸின் வழக்கமான ஸ்கிரீன்சேவர், மவுஸ் அசைந்தால் மட்டுமல்ல, வேறு ஜன்னல் முன்னுக்கு வந்து தன் ஃபோகஸ் போனாலும் மூடிக்கொள்ளும்படி எழுதப்பட்டிருக்கிறது. டாஸ்க் ஒரு பேட்ச் கோப்பை ஓட்டுகிறது என்று வையுங்கள். கறுப்பு கன்சோல் ஜன்னல் நொடிப்பொழுது பளிச்சிடுகிறது. ஃபோகஸ் அதற்குப் போகிறது, ஸ்கிரீன்சேவர் மூடுகிறது. மறுபடி காத்திருப்பு நேரம் ஓடுகிறது, ஸ்கிரீன்சேவர் வருகிறது, 4802 விழுகிறது, டாஸ்க் கிளம்புகிறது. சோதனைக் கோப்பைத் திறந்து பார்த்தால் ஏறக்குறைய ஒரே இடைவெளியில் வரிசையாக நேரங்கள் விழுந்திருக்கும். அந்த ஒழுங்கான இடைவெளிதான் இந்த நோயின் அடையாளம்.

கடவுச்சொல் வைத்தால் இந்தத் தொல்லை போய்விடுகிறது என்று சிலர் சொல்வதற்கும் காரணம் மேலே பார்த்ததுதான்: டெஸ்க்டாப் வேறு, ஃபோகஸ் பறிக்க வழியில்லை.

தீர்வு, ஜன்னலே திறக்காமல் ஓட்டுவது. பவர்ஷெல்லை ‘-விண்டோஸ்டைல் ஹிடன்’ கொடுத்து ஓட்டினால் போதும் என்பார்கள். அது ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் மறைக்கிறது, அந்தக் கணநேரப் பளிச்சிடலே ஸ்கிரீன்சேவரை மூடப் போதும். முந்தைய அறிகுறியில் குறையாகத் தெரிந்த 0ஆம் செஷன் இங்கே மருந்தாகிறது. ‘லாகான் செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும்’ என்று வைத்துவிடுங்கள், ஜன்னல் என்ற பேச்சுக்கே இடமில்லை. பேக்கப், கோப்பு ஒத்திசைவு, கணக்கீடு போன்ற முகமில்லாத வேலைகளுக்கு இதுவே என் பரிந்துரை.

அறிகுறி: தப்பான நேரத்தில் ஓடுகிறது

டாஸ்க் ஷெட்யூலரில் ‘ஆன் ஐடில்’ என்று ஒரு டிரிக்கர் இருக்கிறது, ‘ஆன் ஒர்க்ஸ்டேஷன் லாக்’ என்று இன்னொன்று இருக்கிறது. தணிக்கை அமைப்பைத் தொட அலுத்துக்கொண்டு பலர் இவற்றில் ஒன்றை வைத்துவிடுகிறார்கள். இரண்டும் ஸ்கிரீன்சேவருக்கு ஈடாகாது.

ஸ்கிரீன்சேவர் கேட்பது ஒரே கேள்வி: கீபோர்டிலும் மவுஸிலும் கை பட்டு எவ்வளவு நேரமாயிற்று? டாஸ்க் ஷெட்யூலரின் ஐடில் அதோடு புராசஸரும் டிஸ்க்கும் ஓய்ந்திருக்கின்றனவா என்றும் பார்க்கிறது. பின்னணியில் ஒரு பெரிய டவுன்லோடோ வைரஸ் ஸ்கேனோ ஓடினால் ஸ்கிரீன்சேவர் வந்துவிடும், ஐடில் வராது. உங்கள் டாஸ்க்கே டிஸ்க்கை உழுதால் ‘ஐடில் முடிந்தது’ என்று அதுவே தன்னை நிறுத்திக்கொள்ளவும் கூடும். மேலே ஐடில் கட்டத்தை டிக் செய்ய வேண்டாம் என்றது இதற்காகத்தான்.

பூட்டும் வேறு கணக்கு. விண்டோஸ் விசையோடு எல் அழுத்திப் பூட்டினால் 4800 விழும்; 4802 விழாது. ஸ்கிரீன்சேவருக்குக் காத்திருக்காமல் பூட்டிவிட்டுப் போகும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், ஒரே டாஸ்க்கில் இரண்டு டிரிக்கர் வையுங்கள்: ஒன்று 4802க்கு, ஒன்று பூட்டுக்கு. இரண்டும் அடுத்தடுத்து வந்தாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் புதிதாகத் தொடங்காதே என்ற இயல்பான அமைப்பு பார்த்துக்கொள்ளும்.

அறிகுறி: அமைப்புப் பெட்டியைத் திறந்தாலே புரோகிராம் ஓடுகிறது

இந்தப் பிரச்சினை வந்தவர்கள், புரோகிராமின் பெயரை எஸ்சிஆர் என்று முடியும்படி மாற்றி அதையே ஸ்கிரீன்சேவராக வைத்தவர்கள். யோசனை அபத்தமில்லை. விண்டோஸ் ஸ்கிரீன்சேவர் என்பது பெயரின் கடைசி மூன்று எழுத்து மாறிய சாதாரண எக்ஸி கோப்புதான். ஆனால் விண்டோஸ் அதை மூன்று விதமாகக் கூப்பிடும். முழுத்திரையில் ஓடு என்றால் ‘/எஸ்’, அமைப்புப் பெட்டியில் இருக்கும் சிறு திரைப் படத்துக்குள் மாதிரி காட்டு என்றால் ‘/பி’, உன் அமைப்புகளைத் திற என்றால் ‘/சி’. இந்த எழுத்தைப் படிக்கத் தெரியாத உங்கள் புரோகிராம் மூன்றுக்கும் ஒன்றுபோலவே முழுதாக ஓடிவிடுகிறது. பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்தவுடன் மாதிரி காட்டச் சொல்லி ‘/பி’ வருகிறது. அங்கேயே உங்கள் பேக்கப் தொடங்கிவிடுகிறது.

இந்த வழியில்தான் போவேன் என்றால் நடுவில் ஒரு சிறு புரோகிராம் எழுதுங்கள். ‘/எஸ்’ வந்தால் மட்டும் உங்கள் வேலையைக் கிளப்பி, உடனே ஓர் உண்மையான ஸ்கிரீன்சேவரையும் அதே ‘/எஸ்’ கொடுத்து ஓட்டி, அது முடியும்வரை காத்திருக்க வேண்டும். மற்ற இரண்டுக்கும் வந்ததை அப்படியே உண்மையான ஸ்கிரீன்சேவரிடம் தள்ளிவிட வேண்டும்.

ஆன்டிவைரஸ் குறுக்கே நின்றால் அதன்மேல் கோபப்படாதீர்கள். ஸ்கிரீன்சேவர் பாதையை மாற்றி வைத்துத் தங்கள் புரோகிராமை ஓட்டுவது தாக்குபவர்கள் அறிந்த உத்தி. தாக்குதல் உத்திகளைத் தொகுக்கும் மைட்டர் அட்டாக் பட்டியலில் டி1546.002 என்ற எண்ணில் அது பதிவாகியிருக்கிறது. அலுவலகக் கணினியில் இந்த வழியைத் தொடவே தொடாதீர்கள்.

அறிகுறி: திரும்பி வந்து உட்கார்ந்தபின்னும் புரோகிராம் நிற்கவில்லை

நிறுத்துவது தானாக நடக்காது. டாஸ்க் ஷெட்யூலரின் இயல்பான கெடு 3 நாள்; அதுவரை ஓட விட்டுவிடும். 4803க்கு இரண்டாவது டாஸ்க் ஒன்று தேவை. அதில் ‘டாஸ்க்கில்’ கட்டளையால் பெயர் சொல்லிக் கொல்வது எளிய வழி, ஆனால் பாதி எழுதிய கோப்போடு பேக்கப்பை வெட்டுவது ஆபத்து. 4802 டாஸ்க் ஒரு அடையாளக் கோப்பை உருவாக்கட்டும், 4803 டாஸ்க் அதை அழிக்கட்டும். உங்கள் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு கோப்பை முடித்தபின்னும் அடையாளம் இருக்கிறதா என்று பார்த்துத் தானே ஒழுங்காக நிற்கட்டும்.

கடவுச்சொல் இருந்தால் 4803 வருவது மவுஸ் அசைந்ததும். பூட்டு திறந்ததும் வருவது 4801. யாரோ மேசையைத் தட்டியதற்கெல்லாம் வேலை நிற்க வேண்டாம் என்றால் 4801ஐப் பிடியுங்கள். எதிர்ப்பக்கமும் ஒன்று செய்யலாம்: 4802 டிரிக்கரில் 30 நொடி தாமதம் கொடுத்துவிட்டால், ஸ்கிரீன்சேவர் வந்ததைப் பார்த்து உடனே மவுஸை அசைக்கும் பழக்கத்தால் வரும் குழப்பம் குறையும். ஸ்கிரிப்ட் தொடங்கியதும் அடையாளக் கோப்பை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் அந்தத் தாமதத்துக்குப் பொருள் உண்டு. அப்படியானால் அடையாளத்தை உருவாக்கும் டாஸ்க்குக்குத் தாமதம் கூடாது, வேலையைத் தொடங்கும் டாஸ்க்குக்கு மட்டும் தாமதம்.

லினக்ஸில்: அறிவிப்பு வருகிறதா என்பதே முதல் கேள்வி

எக்ஸ்ஸ்கிரீன்சேவர் என்ற ஸ்கிரீன்சேவர் புரோகிராம் வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள். ஜேமி ஜவின்ஸ்கி 1992இல் வெளியிட்ட இந்தப் புரோகிராமோடு வரும் ‘எக்ஸ்ஸ்கிரீன்சேவர்-கமாண்ட்’ கட்டளைக்கு ‘-வாட்ச்’ என்று கொடுத்தால், அது ஓயாமல் காத்திருந்து ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரி எழுதும்: திரை மறைந்தால் ‘பிளாங்க்’, பூட்டினால் ‘லாக்’, திரும்பினால் ‘அன்பிளாங்க்’. ஒரு லூப் அந்த வரிகளைப் படித்து முதல் சொல்லைப் பார்த்து முடிவெடுத்தால் வேலை முடிந்தது. ‘லாக்’ மட்டும் பார்த்து எழுதிவிடாதீர்கள். பூட்டு அமைப்பு அணைந்திருந்தால் அந்த வரி வராது.

க்னோம் டெஸ்க்டாப்பில் படம் ஓடும் ஸ்கிரீன்சேவர் என்பதே இப்போது இல்லை. திரை மறைந்து பூட்டிக்கொள்கிறது. ஆனால் டி-பஸ்ஸில் (புரோகிராம்கள் தமக்குள் செய்தி அனுப்பும் வழி) ‘ஆர்க்.க்னோம்.ஸ்கிரீன்சேவர்’ என்ற இடைமுகம் ‘ஆக்டிவ்சேஞ்ச்ட்’ என்ற சிக்னலை இன்றும் அனுப்புகிறது. கேடிஇ ‘ஆர்க்.ஃப்ரீடெஸ்க்டாப்.ஸ்கிரீன்சேவர்’ பெயரிலும், சினமன், மேட் இரண்டும் தத்தம் பெயரிலும் அதையே அனுப்புகின்றன. வேறொரு டெஸ்க்டாப்புக்கு எழுதிய ஸ்கிரிப்டை அப்படியே எடுத்துப் போட்டவர்களுக்கு மௌனம் கிடைப்பது இந்தப் பெயர் மாற்றத்தால்தான்.

சிக்னல் வருகிறது, ஸ்கிரிப்ட் மட்டும் அரை மணி நேரம் கழித்து மொத்தமாக விழித்தெழுகிறது என்றால் பைப்பை (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும் இணைப்பை) சந்தேகியுங்கள். ‘டிபஸ்-மானிட்டர்’ வெளியீட்டை டெர்மினலில் பார்த்தால் உடனுக்குடன் வரும்: ஒரு வரியில் சிக்னலின் பெயர், அடுத்த வரியில் தள்ளி ‘பூலியன் ட்ரூ’. அதையே வரிகளை வடிகட்டும் ‘கிரெப்’ கட்டளை வழியாகத் தள்ளினால், கிரெப் தன் வெளியீட்டை ஒரு பெரிய தொகுதி நிரம்பும்வரை கையில் வைத்துக்கொள்கிறது. ‘--லைன்-பஃபர்டு’ சேர்த்தால் வரிக்கு வரி விடும். பெயர் ஒரு வரியிலும் மதிப்பு அடுத்த வரியிலும் இருப்பதால் பெயர் வரியை மட்டும் வடிகட்டினால் தொடக்கமா முடிவா என்று தெரியாமல் இரண்டுக்கும் புரோகிராம் ஓடும். ‘பூலியன்’ வரியைப் பாருங்கள்: ட்ரூ என்றால் தொடக்கம், ஃபால்ஸ் என்றால் முடிவு.

கையால் ஓட்டினால் வேலை செய்கிறது, கிரானில் (லினக்ஸின் நேர அட்டவணைக் கருவி) போட்டால் செய்யவில்லை என்பதும் அடிக்கடி வரும் புகார். கிரானுக்கு உங்கள் செஷனின் டி-பஸ் முகவரி தெரியாது, டிஸ்ப்ளே மாறியும் தெரியாது. காத்திருக்கும் ஸ்கிரிப்டை ஆட்டோஸ்டார்ட் ஃபோல்டரில் ஒரு டெஸ்க்டாப் கோப்பாகவோ சிஸ்டம்டியின் பயனர் சர்வீஸாகவோ வையுங்கள். ஸ்வே போன்ற வேலாண்ட் சூழலில் ‘ஸ்வேஐடில்’ இருக்கிறது. அதில் ‘டைம்அவுட்’டுக்கு ஒரு கட்டளையும் ‘ரெஸ்யூம்’க்கு ஒரு கட்டளையும் நேரடியாகக் கொடுக்கலாம். தொடக்கம், முடிவு இரண்டையும் ஒரே வரியில் எழுத முடிகிற இந்த வசதி மற்ற எல்லா இடத்திலும் இருந்திருக்க வேண்டும்.

மேக்கில்

ஸ்கிரீன்சேவர் தொடங்கினால் ‘காம்.ஆப்பிள்.ஸ்கிரீன்சேவர்.டிட்ஸ்டார்ட்’, முடிந்தால் ‘டிட்ஸ்டாப்’ என்ற அறிவிப்புகள் பயனர் செஷனுக்குள் பரவுகின்றன. கேட்பதற்கு ஹேமர்ஸ்பூன் என்ற மேக் தானியங்கிக் கருவியின் காஃபினேட் வாட்சர் வசதியானது. எதுவும் வரவில்லை என்றால், கேட்கும் புரோகிராமை ரூட் உரிமையுள்ள லாஞ்ச் டீமனாக வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அது பயனர் செஷனுக்கு வெளியே நிற்கிறது. பயனர் செஷனுக்குள்ளேயே ஓடும் லாஞ்ச் ஏஜென்டாக மாற்றுங்கள். அறிவிப்பு வந்தும் டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ் ஃபோல்டர்களை மட்டும் தொட முடியவில்லை என்றால், 2019இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினாவிலிருந்து இருக்கும் தனியுரிமை அனுமதி தேவை. அனுமதி கேட்கும் பெட்டி ஸ்கிரீன்சேவருக்குப் பின்னால் மறைந்து காத்திருக்கும் என்பதால், நீங்கள் எதிரே இருக்கும்போது ஒருமுறை கையால் ஓட்டி அனுமதியைக் கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி: சரியாகத் தொடங்குகிறது, பாதியில் நிற்கிறது

ஸ்கிரீன்சேவர் 10ஆவது நிமிடத்தில், உறக்கம் 15ஆவது நிமிடத்தில் என்றால் உங்கள் வேலைக்குக் கிடைப்பது 5 நிமிடம். பேக்கப் மும்முரமாக ஓடிக்கொண்டிருப்பதால் மட்டும் கணினி விழித்திருக்காது; விழித்திரு என்று யாராவது கேட்க வேண்டும். மேக்கில் உங்கள் கட்டளைக்கு முன்னால் ‘காஃபினேட் -ஐ’ சேர்த்தால் அது முடியும்வரை உறக்கம் வராது. லினக்ஸில் அந்த இடத்தில் ‘சிஸ்டம்டி-இன்ஹிபிட்’. விண்டோஸில் புரோகிராமே ‘செட்த்ரெட்எக்ஸிகியூஷன்ஸ்டேட்’ என்ற அழைப்பால் கேட்டுக்கொள்ள வேண்டும். நீங்கள் எழுதாத புரோகிராம் என்றால், அந்த அழைப்பை விடுத்துவிட்டு அதைக் கிளப்பி, முடியும்வரை காத்திருக்கும் ஒரு பவர்ஷெல் ஸ்கிரிப்ட் போதும். இந்த அழைப்பில் சிஸ்டம் விழித்திருக்க மட்டும் கேளுங்கள். திரையும் விழித்திருக்க வேண்டும் என்ற கொடியையும் சேர்த்துக் கேட்டால், ஆளில்லாத அறையில் மானிட்டர் விடியவிடிய எரியும்.